வண்ணத்துக்கு எத்தனை மதிப்பெண்?

சேவலை நிறத்தால் அடையாளம் சொல்வது நமக்குப் பழைய பழக்கம். காகம், கீரி, வல்லூறு, மயில், செவலை என்று தமிழ்நாட்டுச் சேவல்காரர்கள் இறகைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். பால்மரம் வெட்டக் கெடாவுக்கு வந்தவர்கள் அந்தக் கண்ணையும் உடன் கொண்டுவந்தார்கள். பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கோழிகள் மேய்ந்தன. முனியாண்டிக்கு நேர்ந்துவிடும் சேவல் கறுப்பா செவலையா என்று பார்த்துத்தான் ஒதுக்கி வைத்தார்கள். ஆனால் அந்த நிறங்களை யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. பஞ்சாரத்தில் பொரித்தவற்றுள் எது கண்ணில் பட்டதோ அது தேர்வானது.

இன்றைய வண்ணக் கோழி வளர்ப்பு வேறு வகை. எந்தச் சேவலை எந்தப் பெட்டையோடு சேர்த்தால் சாம்பல் நீலம் வரும், எதைச் சேர்த்தால் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் கறுப்புக் கோடு ஓடும் என்று கணக்குப் போட்டுச் செய்யும் வேலை இது. தோட்டம் விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களுக்கு மந்தையாகக் கோழி மேய்க்க இடமில்லை. நாலைந்து கூண்டு வைக்க இடம் உண்டு. எண்ணிக்கை குறையும்போது, இருப்பது ஒவ்வொன்றும் தனித்துத் தெரியவேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையை ஏளனம் செய்வதும் சுலபம், கொண்டாடுவதும் சுலபம். எடைபோடுவதுதான் கொஞ்சம் கடினம்.

எடைபோட நான்கு கேள்விகள் போதும். இதில் உண்மையான வித்தை இருக்கிறதா? நிறத்துக்காகக் கோழியின் உடல் விலை கொடுக்கிறதா? எதிர்பார்த்த நிறத்தில் பிறக்காத குஞ்சுகளின் கதி என்ன? சுற்றியிருக்கும் காட்டுக்கும் ஊருக்கும் இதனால் நன்மையா கேடா?

வித்தை

'பாப்பா போரெக், ஆனாக் ரிந்திக்' என்று மலாய்க்காரர்கள் சொல்வார்கள். தகப்பன் வரியும் புள்ளியுமான கோழி என்றால் பிள்ளையிடமும் பொட்டு தெரியும் என்பது அதன் கருத்து. கம்பத்துக் கோழிகளை நெடுங்காலம் கவனித்த கண்களிலிருந்து பிறந்த பழமொழி அது. குறுக்குவரி இறகு விஷயத்தில் மரபியலும் அதை ஒரு திருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறது. அந்த வரியைத் தரும் மரபணு பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. சேவலிடம் அந்தக் குரோமோசோம் இரண்டு, பெட்டையிடம் ஒன்றுதான். ஆகவே இரண்டிலும் வரி மரபணு உள்ள சேவலைக் கறுப்புப் பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் வரி விழும். மாற்றிப் போட்டு, கறுப்புச் சேவலை வரிப் பெட்டையோடு சேர்த்தால் ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் வரி வரும். பெண் குஞ்சுகள் கறுப்பாகவே நிற்கும். தகப்பனைப் பற்றிப் பழமொழி சொன்னது சரி. தாய் விஷயத்தில் பாதிதான் பலிக்கும்.

இந்த அறிவு வெறும் அலங்காரத்தோடு நின்றுவிடவில்லை. வரி விழப்போகும் குஞ்சின் தலையில் பொரித்த அன்றே வெளிர்ப் பொட்டு தெரியும், மற்றதுக்குத் தெரியாது. ஆகவே இரண்டாவது கலப்பில் சேவலா பெட்டையா என்று பிறந்த நாளிலேயே பிரித்துவிடலாம். கேம்பிரிட்ஜின் மரபியல் அறிஞர் புன்னெட் இந்த வழியில் போய், குஞ்சின் தூவியைப் பார்த்தே பால் சொல்லக்கூடிய இனங்களை உருவாக்கினார். நிறம் பயன்தரும் கருவியாகிவிட்ட இடம் இது.

நீலக் கோழியின் கணக்கு இதைவிட நுட்பமானது. கறுப்பை வெளுக்கச் செய்யும் மரபணு ஒரு பங்கு வந்தால் சாம்பல் நீலம். இரண்டு பங்கு வந்தால் வெண்மையில் நீலத் தெறிப்பு. அதனால் நீலத்தோடு நீலத்தைச் சேர்ப்பவருக்கு 12 குஞ்சில் சராசரியாக 6தான் நீலமாக வரும். 3 கறுப்பு, 3 தெறிப்பு. அதே மனிதர் கறுப்பையும் தெறிப்பையும் சேர்த்திருந்தால் பன்னிரண்டும் நீலமாகவே பிறந்திருக்கும். முதலாமவர் 'குறை நிறம்' என்று ஒதுக்கும் ஆறு குஞ்சுகளும் இரண்டாமவருக்கு அடுத்த தலைமுறையின் தாய் தந்தை. நிறம் ஒன்று, கோழியும் ஒன்று. வளர்ப்பவரின் அறிவில்தான் வித்தியாசம்.

ஆகவே முதல் கேள்விக்கு ஆம் என்றே பதில் சொல்லவேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. குஞ்சுகளின் கணக்கை எழுதிவைக்காமல், வாங்கிய சேவலைக் கூண்டில் விட்டு நடப்பது நடக்கட்டும் என்று காத்திருப்பவருக்கு இந்தப் பாராட்டு சேராது. அவர் நிறத்தை வளர்க்கவில்லை, அதிர்ஷ்டத்தை வளர்க்கிறார்.

உடல் கொடுக்கும் விலை

இயற்கை நிறமே நல்லது, மனிதன் தேடும் நிறமெல்லாம் கேடு என்று ஒரே வரியில் தீர்ப்பெழுத முடியாது. 2004இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இதற்குச் சாட்சி. சிவப்புக் காட்டுக்கோழியையும் வெள்ளை லெகார்ன் கோழியையும் கலந்து பெற்ற சந்ததியில், காட்டு நிறம் கொண்டவையே கூட்டாளிகளின் இறகுக் கொத்துக்கு அதிகம் இரையாயின. வெண்மையைத் தரும் மரபணு பெற்றவை பெரும்பாலும் தப்பின. கூண்டு நெரிசலில் காட்டு நிறம் பாதகம், வெண்மை சாதகம். திறந்த வெளியில் நிலைமை வேறு. கறுப்பு நிறமி செறிந்த இறகு சீக்கிரம் தேய்வதில்லை. வெள்ளை இறகு தேய்ந்துபோகும். பருந்து வட்டமிடும் தோட்டத்தில் வெள்ளைக் கோழி எட்டத்திலிருந்தே தெரியும். எந்த நிறம் நல்லது என்ற கேள்விக்குக் கோழி எங்கே வாழ்கிறது என்பதையும் சேர்த்தே விடை சொல்லவேண்டும்.

தோலிலிருந்து எலும்பு வரை கறுத்த இனங்களும் அச்சமூட்டத் தேவையில்லை. ஜாவாவின் அயாம் செமானி, மத்தியப் பிரதேசத்தின் கடக்நாத், சீனப் பட்டுக்கோழி மூன்றுக்கும் கறுப்பைக் கொடுப்பது ஒரே மரபணு மாற்றம் என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அந்த இனங்கள் தலைமுறை தலைமுறையாக மனிதரோடு வாழ்ந்து வருகின்றன. கடக்நாத்துக்கு 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆனால் எல்லா நிறமும் இப்படி இலவசமாகக் கிடைப்பதில்லை. இளம் ஊதாச் சாயலுள்ள லாவெண்டர் நிறத்தோடு பல வளர்ப்புகளில் வால் இறகு நார்நாராகக் கிழியும் குறையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அடிக்கடி கறுப்பு இனத்தோடு கலந்து, திரும்பத் தெரிந்தெடுத்துத்தான் அதைக் கழற்ற வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜான் செப்ரைட் உருவாக்கிய குள்ளக்கோழி இன்னொரு பாடம். ஒவ்வோர் இறகின் விளிம்பிலும் மெல்லிய கறுப்புக் கரை. பொன்னிலும் வெள்ளியிலும் அவ்வளவு சீரான ஓரவேலை வேறெந்தக் கோழியிலும் அரிது. அந்தச் சீர் சேவலின் கழுத்திலும் வாலிலும் கெடாமல் இருக்க, சேவலுக்கும் பெட்டையின் இறகமைப்பே கொடுக்கப்பட்டது. நீண்ட கழுத்திறகும் அரிவாள் வாலும் போயின. அத்தோடு கருவூட்டும் திறன் குறைவு என்ற புகாரும் அந்த இனத்தை விடாமல் தொடர்கிறது. கலையாகப் பார்த்தால் செப்ரைட் உச்சம். உயிராகப் பார்த்தால் கூமுட்டை அதிகம் தரும் உச்சம்.

இவற்றைவிடப் பெரிய கேடு நிறத்தில் இல்லை, நிறத்துக்காக வாசலை மூடிக்கொள்வதில் இருக்கிறது. அரிய நிறமுள்ள சேவல் ஒன்றுதான் கிடைத்தது என்று அதை 10 பெட்டைகளோடு விடுகிறவரின் கூட்டத்தில், பார்க்க 11 கோழிகள் இருந்தாலும், மரபியல் கணக்கில் அது 4 கோழிக்கும் குறைவான கூட்டம். உறவுக் கலப்பு தலைமுறைக்குச் சுமார் 14 விழுக்காடு ஏறும். அதே 10 பெட்டைக்கு 5 சேவல்களைச் சுழற்றி விட்டால் அது 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மூன்றாம் நான்காம் தலைமுறையில் முட்டை பொரிக்காதபோது தீவனத்தையும் வெயிலையும் குற்றம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வேண்டாத குஞ்சுகள்

மேலைநாட்டுக் கண்காட்சி மரபில் ஒரு வினோதம் உண்டு. வரிக்கோழி போன்ற சில இனங்களில் சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே தோற்றத்தைத் தரநூல் கேட்கிறது. ஒரே பெற்றோரிடமிருந்து அது கிடைப்பதில்லை. அதனால் நல்ல சேவல் பெற ஒரு கூட்டம், நல்ல பெட்டை பெற இன்னொரு கூட்டம் என்று இரண்டு வழிகளை வைத்திருந்தார்கள். முதல் கூட்டத்துப் பெட்டைகளும் இரண்டாம் கூட்டத்துச் சேவல்களும் மேடையேறவே முடியாது. திட்டமிடும்போதே குஞ்சுகளில் பாதி கழிவு என்று தீர்மானித்துவிடும் கலை இது. பின்னால் இனப்பெருக்கத்துக்குப் பயன்படும் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் பாதி குஞ்சுகள் தோற்கும்படி எழுதிய தரநூலில் குற்றம் தரநூலுடையது, கோழியுடையது இல்லை.

இங்கே நம் நாட்டின் சொந்தக் கோழியான செராமாவை எடுத்துப் பார்க்கலாம். கிளந்தானைச் சேர்ந்த வீ யான் ஈன் ஜப்பானியக் குள்ளக்கோழியையும் மலேசியக் குள்ளக்கோழியையும் கலந்து வளர்த்து, தாய்லாந்து மன்னர்களின் 'ராமா' பட்டத்தை ஒட்டிப் பெயரிட்டார். 1990இல் அது முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. எடை பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. மேடையில் அதை விட்டு, நெஞ்சை எப்படித் தூக்குகிறது, சிறகை எப்படிச் செங்குத்தாக இறக்குகிறது, எவ்வளவு தைரியமாக நடக்கிறது என்று பார்க்கிறார்கள். நிறத்துக்கு இங்கே தடையும் இல்லை, தனிச் சலுகையும் இல்லை. ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகள் நாலு நிறத்தில் இருந்தாலும் நாலும் போட்டியிடலாம்.

2001 வாக்கில் அமெரிக்காவுக்குப் போன செராமா 2011இல் அந்நாட்டுக் கோழிச் சங்கத்தின் தரநூலில் இடம்பெற்றது. முதலில் ஏற்கப்பட்டது வெள்ளை மட்டும். அந்த மரபில் ஓர் இனம் என்றால் அதன் நிறம் தலைமுறைதோறும் மாறாமல் வரவேண்டும். செராமாவோ நிறத்தில் நிலைப்பதே இல்லை. இரண்டு மரபுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றாவது கேள்விக்கு மலேசிய வழியே சிறந்த விடை என்பது புலப்படும். நிறத்தை நிபந்தனையாக வைக்காததால், நிறத்துக்காகக் குஞ்சைக் கழிக்கும் தேவை எழவில்லை. புது இரத்தம் வர வாசலும் திறந்தே இருந்தது.

ஆனால் செராமாவுக்கு முழு மதிப்பெண் கொடுக்க முடியாது. நிறத்தை விட்ட கண், வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. இன்னும் சிறியது, இன்னும் பின்னால் சாய்ந்த கழுத்து என்று போட்டி போகும்போது சுமை கோழியின் உடலில்தான் ஏறுகிறது. அதன் மூதாதையான ஜப்பானியக் குள்ளக்கோழியில் இந்த ஆபத்து எவ்வளவு என்பது தெரிந்ததே. அதன் குட்டைக்காலைத் தரும் மரபணு இரண்டு பங்கு சேர்ந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துபோகும். குட்டைக்கால் இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு முட்டைக்கு அந்தக் கதி. நிறத்தை நீக்கிவிட்டாலே தீர்ப்பு நேர்மையாகிவிடாது. எந்த அழகானாலும் எல்லை வகுக்காவிட்டால் அது உயிரைத்தான் தின்னும்.

காடும் ஊரும்

வண்ணக் கோழி வளர்ப்போரிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. பண்ணைகள் எல்லாம் வெள்ளைக் கோழியால் நிறைந்துவிட்டன. உரித்தபின் தோலில் கறுப்பு முள்ளிறகின் கறை தெரியக்கூடாது என்பதற்காகவே அந்த வெண்மை தேர்ந்தெடுக்கப்பட்டது. உலகம் முழுதும் ஒரே வெள்ளை ஆகும்போது, பல நிறங்களைக் காப்பாற்றுகிறவர்கள் பன்மையைக் காப்பாற்றுகிறார்கள் அல்லவா என்பது அவர்கள் கேள்வி.

பாதி உண்மை. மீதிப் பாதி பொய்க்கக் காரணம் நிறத்தின் பன்மையும் மரபின் பன்மையும் ஒன்றல்ல என்பது. ஒரே குடும்பத்துக் கோழிகளில் நாலைந்து மரபணுக்களை மாற்றி மாற்றிச் சேர்த்தால் பத்துப் பதினைந்து நிறங்களை வரிசையாக நிறுத்திவிடலாம். உள்ளே இருப்பது ஒரே வறுமை. மாறாக, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் குப்பையைக் கிளறும் செம்பழுப்புக் கோழி பத்தும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; நோய் தாங்கும் சக்தியிலும் அடைகாக்கும் குணத்திலும் அவற்றுள் எத்தனையோ வேறுபாடு பொதிந்திருக்கும். பன்மையைக் கண்ணால் அளந்தால் கணக்குத் தப்பும்.

சந்தையிலும் இதே மயக்கம் நடமாடுகிறது. சிவப்பிறகு கொண்ட கோழி என்றால் கம்பத்துக் கோழி என்று நம்பிக் கூடுதல் வெள்ளி கொடுக்கிறோம். தீவனம் தின்று கம்பத்துக் கோழியைவிட வேகமாக வளரும்படி உருவாக்கிய வெளிநாட்டுச் செந்நிற இறைச்சி இனங்களும் அதே இறகோடுதான் வருகின்றன. இறகின் நிறம் வளர்ப்பு முறைக்குச் சான்றிதழ் ஆகாது.

கெடாவுக்கே உரிய பொறுப்பு ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அதன் கிளையினங்களுள் வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது 'ஸ்பாடிசியஸ்' என்று 2020இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு காட்டியது. யுன்னானிலிருந்து மலாயத் தீபகற்பம் வரை அது பரவியிருக்கிறது. கெடாவின் காட்டோரங்களும் அந்தப் பரப்புக்குள் அடங்கும். காட்டுக்கோழி செம்பனைத் தோட்டத்துக்குள்ளும் பழகிவிட்ட பறவை. அங்கே அது நம் வீட்டுப் பெட்டைகளைச் சந்திக்கிறது. கலப்பு நடந்தால் பிறப்பவை பார்வைக்குக் காட்டுக்கோழி போலவே இருக்கலாம். ஆனால் இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் பொன் கழுத்திறகை உதிர்த்துக் கறுப்பு இறகு போர்த்தும் காட்டுச் சேவலின் பழக்கம் அவற்றிடம் மங்கிவிடும். புது நிறம் தேடி நாம் திறந்துவிடும் சேவல்கள் மூதாதையின் இரத்தத்தைக் கரைத்துவிட்டால், அதைத் திரும்பப் பெற எந்த மரபியலும் உதவாது. காட்டுக்கோழியை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்கலாகாது.

கடைசியாக நோய். 2004 ஆகஸ்டில் கிளந்தானின் தும்பாட் வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் தலைகாட்டியது. எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள் மேல் சந்தேகம் விழுந்தது. கோழிகள் கூட்டமாக அழிக்கப்பட்டன. செராமா வளர்ப்புக்கும் அது பெரிய அடி. கெடாவும் தாய்லாந்து எல்லையில் இருக்கும் மாநிலம். அரிய நிறம் என்று ஆவணமின்றி ஒரு சேவலைக் கொண்டுவருபவர் தன் கூண்டை மட்டும் பணயம் வைக்கவில்லை, பக்கத்துக் கம்பத்துக் கோழிகளையும் சேர்த்தே வைக்கிறார். வெப்பம் தாங்கும் வி4 என்ற கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்தைக் கம்பத்துக் கோழிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் முறையை 1980களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து இந்த மண்ணில்தான் வளர்த்தெடுத்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில், ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்துச் சேவல் வாங்கியும் தடுப்பு மருந்து போடாமல் விடுவதை ரசனை என்று சொல்ல முடியாது.

தீர்ப்பு

வண்ணக் கோழி வளர்ப்பு வித்தையில் தேறுகிறது. உடல்நலத்தில் நிறத்துக்கு நிறம் விடை மாறுகிறது. பெரும்பாலான நிறங்கள் தீங்கற்றவை, நெருங்கிய உறவுக் கலப்புத்தான் கேடு. குஞ்சுகளின் கதியில், நிறத்தை நிபந்தனையாக்கிய மேலை மரபு தோற்கிறது. நிறத்தை விட்டுவிட்ட செராமா மரபு வெல்கிறது, வடிவ வெறி அதைத் தொடாத வரைக்கும். சுற்றுச்சூழலில், கூண்டுக்குள் வளர்ப்பவர் தேறுகிறார். காட்டோரத்தில் திறந்துவிடுபவரும் எல்லை தாண்டிக் கடத்துபவரும் தோற்கிறார்கள்.

ஆகவே வண்ணத்துக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் கடைசியில். நலமான உடல், பொரிக்கும் முட்டை, கலந்த இரத்தம் மூன்றிலும் தேறிய இரண்டு கோழிகள் சமமாக நிற்கும்போது அழகானதற்குப் பரிசு கொடுங்கள். அதற்கு முன்னால் கொடுத்தால் அது கோழிக்குக் கொடுத்த பரிசாகாது, இறகுக்குக் கொடுத்ததுதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறத்தின் பெயரையும் விலையையும் கேட்குமுன் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: போன ஈட்டில் எத்தனை முட்டை வைத்து எத்தனை பொரித்தன, சேவலும் பெட்டையும் ஒரே தாய் மக்களா, தடுப்பு மருந்து எப்போது போட்டது. மூன்றுக்கும் நேர்ப் பதில் சொல்பவரிடம் எந்த நிறத்துக் கோழியையும் தயங்காமல் வாங்கலாம். சொல்லாதவரிடம் மயில் நிறமே இருந்தாலும் வாங்காதீர்கள்.